குழந்தைக்கு ஹைப்பர் தைராய்டு: மாத்திரை, பரிசோதனை, ஆபரேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைராய்டு என்றாலே குண்டாவார்கள் என்பார்கள். எங்கள் பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாளே, இது என்ன தைராய்டு?

ஊரில் "தைராய்டு இருக்கு" என்று சொன்னால் பெரும்பாலும் சுரப்பி மந்தமாகிப் போன நிலையைத்தான் சொல்கிறார்கள். இது அதற்கு நேர் எதிர். கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறது. உடல் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. பிள்ளை இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடும், ஆனாலும் எடை இறங்கும். பக்கத்து வீட்டில் தைராய்டுக்குச் சாப்பிடும் மாத்திரை இங்கே விஷம்போல் ஆகும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாத்திரையையோ உணவுக் கட்டுப்பாட்டையோ இரவல் வாங்காதீர்கள்.

எதையெல்லாம் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

பெரியவர்களுக்குப் படபடப்பு முதலில் தெரியும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் தெரிகிறது. கையெழுத்து கோணலாகிறது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, சின்ன விஷயத்துக்கு அழுகை, கோபம், மதிப்பெண் சரிவு. கவனக்குறைவுக் கோளாறு என்று மாதக்கணக்கில் கவுன்சலிங் போய்விட்டு, கழுத்து வீங்கிய பிறகே ரத்தம் பரிசோதிக்கிற கதை புதிதல்ல.

கூடவே பார்க்க வேண்டியவை: எல்லோரும் போர்வை கேட்கும்போது இவள் மட்டும் மின்விசிறி கேட்பது, உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருப்பது, ஒரு நாளில் மூன்று நான்கு முறை மலம் கழிப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, மாடிப்படி ஏறும்போது தொடை சோர்வது, கண் விழித்துப் பார்ப்பதுபோல் அகலமாகத் தெரிவது. உயரம் மட்டும் வேகமாகக் கூடுவதும் உண்டு. அதைப் பார்த்துப் பெற்றோர் சந்தோஷப்படுவதும் உண்டு. எலும்பின் வயது முன்னால் ஓடுகிறது என்பதுதான் அதன் பொருள்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். பிள்ளையை இரு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளின் ஓரம் காட்டிக்கொடுக்கும். அடுத்தது நாடி. விழித்திருக்கும்போது பயம், விளையாட்டு என்று ஆயிரம் காரணம் இருக்கும், அதனால் நன்றாகத் தூங்கிய பிறகு முழு 60 வினாடி எண்ணுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆழ்ந்த உறக்கத்திலும் 100க்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்ட அதுவே போதுமான காரணம்.

ஏன் வந்தது? நாங்கள் கொடுத்த சாப்பாட்டில் ஏதாவது தப்பா?

இல்லை. குழந்தைகளில் இந்த நிலைக்கு மிகப் பெரும்பாலான காரணம் கிரேவ்ஸ் நோய். உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாக ஓர் ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) உருவாக்குகிறது. அது தைராய்டில், சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உட்கார வேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டு "சுர, சுர" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. மூளையிலிருந்து வரும் டி.எஸ்.எச். இதைக் கண்டு அடங்கிவிடுகிறது, ஆன்டிபாடி அடங்குவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு அதிகம், பருவ வயதில் அதிகம். குடும்பத்தில் தைராய்டுக் கோளாறு இருந்தால் வாய்ப்பு கூடும். டைப் 1 சர்க்கரை நோய், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடமும் சற்றுக் கூடுதலாகப் பார்க்கிறோம்.

என்னென்ன பரிசோதனை? எல்லாவற்றையும் எடுக்கத்தான் வேண்டுமா?

முதலில் டி.எஸ்.எச்., தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான ஃப்ரீ டி4, டி3 மூன்றும் சேர்த்து. டி.எஸ்.எச். மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு டி4 ஓரளவு சரியாகவும் டி3 மட்டும் ஏறியும் இருக்கும். அடுத்தது டி.எஸ்.எச். ரிசெப்டர் ஆன்டிபாடி. இது பாசிட்டிவ் என்றால் கிரேவ்ஸ் என்பது ஏறக்குறைய உறுதி. ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட், ஆன்டிபாடி இல்லாவிட்டால், சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டெக்னீஷியம் ஸ்கேன்.

மாத்திரை தொடங்கும் *முன்பு* இரண்டு பரிசோதனை எடுத்தே தீர வேண்டும்: வெள்ளையணு எண்ணிக்கையுடன் கூடிய முழு ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை. நோயே வெள்ளையணுவைச் சற்றுக் குறைக்கும், கல்லீரல் என்சைமைச் சற்று ஏற்றும். தொடக்க அளவு கையில் இல்லாவிட்டால், இரண்டு மாதம் கழித்து வரும் மாற்றம் நோயாலா மருந்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

முடி கொட்டுகிறது என்று பிள்ளைக்கு பயோட்டின் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். பல ஆய்வகக் கருவிகளில் பயோட்டின் புகுந்து டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும், டி4-ஐ அதிகமாகவும், ஆன்டிபாடியைக்கூடப் பாசிட்டிவாகவும் காட்டும். நோயே இல்லாத பிள்ளைக்கு அச்சு அசலாக கிரேவ்ஸ் ரிப்போர்ட் வந்துவிடும்.

டி.எஸ்.எச். குறைந்திருந்தாலே, ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்க வேண்டுமா?

கூடாது. தைராய்டு அழற்சியின் தொடக்கத்தில் சுரப்பிக்குள் சேமித்து வைத்த ஹார்மோன் கசிந்து ரத்தத்தில் கலக்கும். அங்கே புதிதாக எதுவும் சுரப்பதில்லை, அதனால் சுரப்பதைத் தடுக்கும் மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. சில வாரங்கள் முதல் சில மாதங்களில் தானே அடங்கி, பிறகு சுரப்பி மந்தமாகவும் போகலாம். ஆன்டிபாடி பரிசோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இன்னொன்றையும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: பாட்டி மந்தத் தைராய்டுக்குச் சாப்பிடும் தைராக்சின் பாட்டில் குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருந்ததா? சின்ன, வெள்ளை, இனிப்பு மிட்டாய்போன்ற மாத்திரை. அதைத் தின்ற பிள்ளைக்கும் டி4 ஏறும், டி.எஸ்.எச். இறங்கும், ஆனால் கழுத்து வீங்காது, தைராய்டு சுரப்பி உருவாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவு குறைந்திருக்கும்.

எந்த மாத்திரை? எங்கள் பிள்ளைக்கு எழுதிய அளவு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டனிலும் வழக்கம் கார்பிமசோல், அமெரிக்காவில் மெத்திமசோல். கார்பிமசோல் உடலுக்குள் போய் மெத்திமசோலாகத்தான் மாறுகிறது. 10 மி.கி. கார்பிமசோல் ஏறக்குறைய 6 மி.கி. மெத்திமசோலுக்குச் சமம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் "எங்கள் பிள்ளைக்கு இவ்வளவுதான் கொடுக்கிறார்கள்" என்று சொன்னால், முதலில் எந்த மருந்து என்று கேளுங்கள். மில்லிகிராமை அப்படியே ஒப்பிட்டுக் குழம்பும் வீடுகள் நிறைய.

கார்பிமசோல் தொடக்க அளவு எடைக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.25 முதல் 0.75 மி.கி. வரை. 30 கிலோ பிள்ளைக்கு 0.5 என்று வைத்தால் 15 மி.கி.: ஒரு 10, ஒரு 5. லேசான நோய்க்குக் கீழ் எல்லை, டி4 மிக அதிகமாக இருந்தால் மேல் எல்லை. பெரும்பாலோருக்கு ஒரே வேளையில் கொடுக்கலாம். ஒரே வேளை என்றால் மறப்பதும் குறையும். விழுங்கத் தெரியாத குழந்தைக்குப் பொடித்து ஒரு தேக்கரண்டி நீரிலோ பழக்கூழிலோ கொடுக்கலாம். இந்தக் கணக்கு சீட்டில் எழுதியதைச் சரிபார்ப்பதற்கு மட்டும். வீட்டில் டோஸ் ஏற்றி இறக்க அல்ல.

புரோபைல்தயோயுரசில் என்ற மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

குழந்தைகளுக்கு வேண்டாம். கல்லீரல் முற்றாகச் செயலிழந்து மாற்று அறுவைக்கும் மரணத்துக்கும் போனவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். 2010ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தின் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பதித்தது. கல்லீரல் பாதிப்பு முன்னறிவிப்பில்லாமல் வருவதால், மாதாமாதம் ரத்தம் பரிசோதித்தாலும் தடுக்க முடியும் என்ற உறுதி இல்லை. வேறு வழியே இல்லாத நேரத்தில், அதுவும் ஆபரேஷன் வரைக்குமான சில வாரங்களுக்கு மட்டுமே நிபுணர்கள் அதை யோசிப்பார்கள்.

இதய மாத்திரை எழுதியிருக்கிறார்களே, இதயத்திலும் கோளாறா?

புரோப்ரனலால் என்றால் பயப்பட வேண்டாம். கார்பிமசோல் புதிதாகச் சுரப்பதைத்தான் நிறுத்துகிறது. ஏற்கெனவே சேர்த்து வைத்த ஹார்மோன் தீர வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கி வைக்கவே இது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மி.கி., இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. டி4 இறங்கியதும் மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை. ஆஸ்துமா, வீசிங் இருந்தால் இது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், கட்டாயம் சொல்லுங்கள். சின்னக் குழந்தை வாந்தி எடுத்து சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டுத் தூங்க வைக்காதீர்கள்.

எத்தனை நாளில் சரியாகும்? ஆறு வாரம் கழித்தும் டி.எஸ்.எச். 0.01தான் வருகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

சிகிச்சையில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. ஓர் எடுத்துக்காட்டுக்குத் தொடக்கத்தில் ஃப்ரீ டி4 4.8 என்று வைத்துக்கொள்வோம், இயல்பு 0.9 முதல் 1.7. ஆறு வாரத்தில் 1.1. டி.எஸ்.எச். அன்றும் 0.01, இன்றும் 0.01. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பது டி.எஸ்.எச். மட்டுமே. அதைப் பார்த்து "இன்னும் குறையவில்லை" என்று டோஸை ஏற்றினால், அடுத்த மாதம் பிள்ளை சுரப்பி மந்தமான நிலைக்குப் போய்விடும்: முகம் உப்பும், தூக்கம் தூக்கமாக வரும், மலச்சிக்கல், கழுத்து வீக்கமும் *பெரிதாகும்*. உண்மையில் அந்த ரிப்போர்ட்டுக்குச் செய்ய வேண்டியது டோஸைக் குறைப்பது.

நீண்ட நாள் அடங்கிக் கிடந்த டி.எஸ்.எச். எழுந்துவர மாதங்கள் ஆகும். அதனால் முதல் சில மாதங்களுக்கு டி4, டி3 இரண்டை வைத்தே முடிவு. முதலில் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், நிலைப்பட்டதும் 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை. டி4 முதலில் இறங்கும், டி3 பின்தங்கும். டி4 சரியாகியும் பிள்ளை இன்னும் துறுதுறுவென்று இருந்தால் டி3 அளவைக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் ஏறியிருந்தால் உடனே கல்லீரல் என்று பதற வேண்டாம், தேய்ந்த எலும்பு திரும்பக் கட்டப்படும்போது அது ஏறும்.

சில மருத்துவர்கள் கார்பிமசோலை அதே அளவில் வைத்துத் தைராக்சினையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சுரப்பியை முழுக்க அடைத்துவிட்டு வெளியிலிருந்து ஹார்மோன் ஊட்டும் முறை. ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் டோஸைக் குறைத்துக்கொண்டு போகும் முறையைவிட கார்பிமசோல் அளவு கூடுதல் என்பதால் பக்கவிளைவும் கூடும். முதல் வழி டோஸைக் குறைத்துச் சரிசெய்வதுதான்.

மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கார்பிமசோல் மிகச் சிலருக்கு, ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை, எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு உருவாவதை அடியோடு நிறுத்திவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். திடீரென வருவதால், மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அகப்படாமல் நழுவிவிடும். காட்டிக்கொடுப்பவை மூன்று: காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண்.

இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த வேளை கார்பிமசோலைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே, ஞாயிறானாலும், வெள்ளையணு வகைகளைத் தனித்தனியே எண்ணும் டிஃபரென்ஷியல் கவுண்ட்டுடன் முழு ரத்தப் பரிசோதனை எடுங்கள். ஓரிரு நாள் மாத்திரை விட்டுப்போவதால் ஒன்றும் ஆகாது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு மூன்று நாள் காத்திருந்தால் ஆகும்.

ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை தனியாக இல்லாமல் சதவீதம் மட்டும் இருக்கும். மொத்த வெள்ளையணுவை அந்தச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். மொத்தம் 4,200, நியூட்ரோஃபில் 45 என்றால் 1,890. 1,500க்கு மேல் இருந்தால், இது சாதாரணக் காய்ச்சல் என்று மருத்துவர் உறுதி செய்ததும் மாத்திரையைத் தொடரலாம். 1,500க்குக் கீழே போனால் நிபுணரிடம் பேசாமல் திரும்பத் தொடங்கக் கூடாது. 500க்குக் கீழ் என்றால் அது அவசரநிலை: ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழி ஆன்டிபயாட்டிக். அப்படி ஒருமுறை வந்த பிள்ளைக்கு கார்பிமசோல், மெத்திமசோல், புரோபைல்தயோயுரசில் எதுவும் இனி ஆயுளுக்கும் கிடையாது.

காய்ச்சல் வருகிறது என்று காட்டப் போகும் மருத்துவருக்கு இந்த மாத்திரை விவரம் தெரியாமல் இருக்கலாம். மாத்திரை பெயர், டோஸ், "காய்ச்சல் என்றால் உடனே சி.பி.சி. (முழு ரத்தப் பரிசோதனை)" என்ற வரி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, ஒன்றைப் பள்ளிப் பையிலும் ஒன்றைத் தாத்தா பாட்டியிடமும் கொடுத்து வையுங்கள்.

வேறு பக்கவிளைவுகள்?

அரிப்பும் தடிப்பும் முதல் சில வாரங்களில் வரலாம். லேசாக இருந்தால் அரிப்பு மாத்திரையுடன் தொடர்வார்கள். மூட்டு வீங்கி வலித்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் தேநீர் நிறமானால், மேல்வயிற்றில் முதுகு வரை போகும் கடும் வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே பேசுங்கள். கடைசியாகச் சொன்ன வலி கணைய அழற்சியாக இருக்கலாம், அரிதுதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அன்றைக்கே நினைவு வந்தால் கொடுங்கள். மறுநாள் நினைவு வந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டாம். உண்மையான பிரச்சினை ஒரு நாள் மறதியல்ல. பதிமூன்று பதினான்கு வயதுப் பிள்ளை "சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வாரத்தில் மூன்று நாள் சாப்பிடாமல் விடுவதுதான். டோஸ் ஏற்றியும் டி4 குறையவில்லை என்றால் மருந்தைச் சந்தேகிக்கும் முன் அட்டையில் மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். திட்டுவதால் பலன் இல்லை. பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துக் கண்முன் விழுங்க வைப்பதே வழி.

எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்? இரண்டே மாதத்தில் நன்றாகிவிட்டாளே, நிறுத்திவிடலாமா?

ஹார்மோன் அளவு சரியாகிவிட்டது, நோய் போகவில்லை. ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும் வரை மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்லாம் திரும்பி வரும். ஐரோப்பிய தைராய்டு சங்கம் 2022ல் வெளியிட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டல் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ கொடுக்கச் சொல்கிறது. நோய் அடங்கும் வாய்ப்பு குறைவான பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும்.

கசப்பானதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆண்டு மாத்திரைக்குப் பிறகு நிறுத்தினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத்தான், பல இடங்களில் அதற்கும் குறைவானவர்களுக்குத்தான், நோய் அடங்கி நிற்கிறது. பெரியவர்களைவிட இது குறைவு. பருவமடைந்த பிறகு வந்தது, கழுத்து வீக்கம் சிறியது, தொடக்கத்தில் டி4 மிக அதிகமாக இல்லாதது, ஆன்டிபாடி குறைந்தது, மாத்திரைக்குச் சீக்கிரம் கட்டுப்பட்டது என்றால் வாய்ப்பு கூடும். ஐந்து வயதில், பெரிய கழுத்து வீக்கத்துடன் வந்த பிள்ளைக்கு நீண்ட பயணம் என்று முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. நிறுத்தும் முன் ஆன்டிபாடி திரும்ப எடுக்க வேண்டும். பாசிட்டிவாகவே இருந்தால் தொடர்வதுதான் புத்தி. நிறுத்தினால் முதல் ஓராண்டு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டில் நிறுத்திப் பார்க்காதீர்கள்.

ஆபரேஷனோ, கதிரியக்கத்தால் சுரப்பியை அழிக்கும் ரேடியோ அயோடினோ எப்போது?

மாத்திரையில் கடும் பக்கவிளைவு வந்தால், ஆண்டுக்கணக்கில் கொடுத்தும் அடங்காவிட்டால், நிறுத்தியதும் திரும்பி வந்தால், அல்லது பிள்ளை ஒழுங்காக மாத்திரை சாப்பிடவே மாட்டேன் என்றால். தோல்வி என்று நினைக்க வேண்டாம். ஏறி இறங்கும் ஹார்மோனோடு பத்தாம் வகுப்பைத் தாண்டுவதைவிட, சுரப்பியை நீக்கிவிட்டு நாளொரு தைராக்சின் மாத்திரையோடு சீராக இருப்பது பல பிள்ளைகளுக்கு நிம்மதி.

ரேடியோ அயோடின் குழந்தைக்குப் பாதுகாப்பா? குறைந்த அளவாகக் கொடுக்கச் சொல்லலாமா?

ஐந்து வயதுக்குக் கீழ் தவிர்க்கிறார்கள். ஐந்துக்கும் பத்துக்கும் இடையே, வேறு வழியில்லாமல் தேவைப்பட்டால், கொடுக்கும் மொத்த அளவு 10 மில்லிகியூரிக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தால் மட்டும். அதற்கு மேற்பட்ட வயதில் இது ஏற்கப்பட்ட சிகிச்சை. விழுங்கும் காப்ஸ்யூல் அல்லது திரவம், ஒரே முறை.

"குறைவாகக் கொடுங்கள்" என்று கேட்பது இயல்பு, ஆனால் தவறு. குறைந்த கதிர் சுரப்பியைக் கொல்லாமல் காயப்படுத்திவிட்டு விடும். அந்த மிச்சத் திசுவில்தான் பிற்காலத்தில் கட்டி வரும் ஆபத்து. அதனால் சுரப்பியின் ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகியூரிக்கு மேல் கொடுத்து, முழுக்க அழிப்பதே நோக்கம். மந்தத் தைராய்டாக மாறுவது பக்கவிளைவல்ல, அதுதான் இலக்கு. மிகப் பெரிய கழுத்து வீக்கத்துக்கு, 80 கிராமுக்கு மேல் என்றால், இது சரிப்படாது. கண் நோய் தீவிரமாக இருந்தாலும் வேண்டாம், இன்னும் மோசமாகும்.

சில நாள் முன்பே கார்பிமசோலை நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அயோடின் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சுரப்பி அயோடினால் நிரம்பியிருக்கும், மருந்து உள்ளே போகாது. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனை எடுப்பது விதி, கோபப்படாதீர்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் என்றால் முழுச் சுரப்பியையும் எடுக்க வேண்டுமா?

ஆம். பாதி விட்டுவைத்தால் அந்தப் பாதியில் நோய் திரும்பும். முதலில் மாத்திரையால் ஹார்மோனைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஏறிய ஹார்மோனோடு மயக்க மருந்து கொடுப்பது உயிராபத்து. பிறகு ஆபரேஷனுக்கு முந்தைய பத்து நாள் அளவில் அயோடின் சொட்டு மருந்து, சுரப்பியின் ரத்த ஓட்டத்தைக் குறைக்க. உலோகச் சுவையாகக் குமட்டும், பாலிலோ பழச்சாற்றிலோ கலந்து கொடுங்கள்.

சுரப்பியின் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். அவை அதிர்ந்தால் கால்சியம் இறங்கும். முதல் இரண்டு மூன்று நாளில் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, விரல் நுனி மரத்துப்போதல், கை இழுத்துக்கொள்வது என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் தற்காலிகம், சிலருக்கு நிரந்தரம். வைட்டமின் டி குறைவை முன்கூட்டியே சரிசெய்தால் இந்தச் சிக்கல் குறையும். குரல் நரம்பும் அருகிலேயே ஓடுகிறது. எனவே ஆஸ்பத்திரியின் கட்டடத்தைப் பார்க்காமல், "ஆண்டுக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள், அதில் குழந்தைகள் எத்தனை?" என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். ஆண்டுக்கு 30 என்பதைக் குறைந்தபட்ச அனுபவமாகக் கொள்கிறார்கள்.

அப்புறம் ஆயுள் முழுக்க மாத்திரையா?

ஆமாம், தைராக்சின். காலை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. ஆபரேஷன் முடிந்த பிள்ளைகள் கால்சியத்தையும் தைராக்சினையும் ஒன்றாக விழுங்கி, தைராக்சின் உறிஞ்சப்படாமல் போவது வாடிக்கையான தவறு.

கண் வெளியே தள்ளியது உள்ளே போகுமா?

பிள்ளைகளுக்குக் கண் நோய் பெரியவர்களைவிட லேசாகவே வரும், ஹார்மோன் கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் குறையும். உறுத்தலுக்குக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, தலையணையைச் சற்று உயர்த்துவது போதும். வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது. சிகரெட் புகை இந்தக் கண் நோயை மோசமாக்கும் என்பது உறுதியான செய்தி. பார்வை மங்கினால், நிறம் வெளுத்துத் தெரிந்தால், கண் அசைக்க வலித்தால் அன்றைக்கே கண் மருத்துவர்.

அயோடின் உப்பை நிறுத்தலாமா? முட்டைக்கோஸ் நிறையக் கொடுத்தால் குறையுமா?

வீட்டுச் சமையலில் போடும் அயோடின் உப்பை நிறுத்த வேண்டியதில்லை. தவிர்க்க வேண்டியது கடற்பாசி மாத்திரை, "தைராய்டு சப்போர்ட்" என்று விற்கும் பொடிகள்போன்று அயோடின் குவிந்தவை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடுவதால் நோய் குறையாது, கெடுதலும் இல்லை. உட்பொருள் எழுதாத சூரணம், லேகியம் வேண்டாம். கல்லீரல் என்சைம் ஏறினால் எதனால் என்று தெரியாமல் நல்ல மாத்திரையை நிறுத்த வேண்டி வரும். பால், தயிர், கேழ்வரகு, முட்டை தாராளமாகக் கொடுங்கள், இழந்த எலும்பைக் கட்ட வேண்டும்.

ஹார்மோன் குறைந்ததும் பசி உடனே குறையாது. அதே இரண்டு ஆள் சாப்பாடு தொடர்ந்தால் மூன்று மாதத்தில் எடை எகிறும். பலர் இதை மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்து மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

பள்ளிக்கு அனுப்பலாமா? விளையாடலாமா?

பள்ளிக்குப் போகலாம். ஓட்டம், கபடி, நீச்சல் போட்டி எல்லாம் டி4, டி3 சரியாகி நாடி அடங்கிய பிறகே. வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள்: கை நடுங்குவதால் எழுத நேரமாகும், கழிவறைக்கு அடிக்கடி போகும், இரண்டும் அடங்காத்தனம் அல்ல. தடுப்பூசிகள் வழக்கம்போல் போடலாம்.

எப்போது எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சிகிச்சை தொடங்காத அல்லது மாத்திரையை நிறுத்திவிட்ட பிள்ளைக்கு கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, மிக வேகமான இதயத்துடிப்பு, பிதற்றல் அல்லது அளவுக்கு மீறிய தூக்கம் சேர்ந்து வந்தால். இதைத் தைராய்டு புயல் என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டியது. வழியில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது ஹார்மோனை இன்னும் விடுவிக்கும்.

எனக்குக் கிரேவ்ஸ் இருந்து ஆபரேஷன் முடிந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கு வருமா?

சுரப்பிதான் போயிற்று, ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் இருக்கலாம். அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். கிரேவ்ஸ் உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை பாதிக்கப்படலாம். ஐந்தாம் மாத அளவில் உங்கள் ஆன்டிபாடியைப் பாருங்கள். மிக அதிகமாக இருந்தால் குழந்தை மருத்துவருக்குப் பிரசவத்துக்கு முன்பே தெரிய வேண்டும்.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் எடுக்கும் வழக்கமான தைராய்டு பரிசோதனை மந்தத் தைராய்டைத் தேடுவது, இதைக் கண்டுபிடிக்காது. 3 முதல் 5ஆம் நாளில் ஒருமுறையும், 10 முதல் 14ஆம் நாளில் இன்னொரு முறையும் டி4, டி.எஸ்.எச். எடுக்க வேண்டும். இரண்டாவது ஏன்? நீங்கள் கார்பிமசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதுவும் குழந்தைக்குள் இருக்கும். அது கரைந்த பிறகே நோய் தலைகாட்டும், அப்போது நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அடங்காத அழுகை, பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறாதது, தூக்கத்திலும் அதிவேகத் துடிப்பு என்றால் தாமதிக்காதீர்கள். நல்ல செய்தி, ஆன்டிபாடி கரையக் கரைய மூன்று நான்கு மாதத்தில், சிலருக்கு ஆறு மாதத்தில், மருந்தே தேவையில்லாமல் போகும்.

மகளுக்குப் பதினேழு வயது. கல்யாணம், குழந்தை விஷயத்தில் என்ன சொல்லிவைக்க வேண்டும்?

மாதவிடாய் தாறுமாறாக இருந்தால் ஹார்மோன் சரியானதும் சீராகும். குழந்தை பெறத் தடையில்லை. ஆனால் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் கார்பிமசோல் சிசுவுக்கு ஊனம் உண்டாக்கக் கூடும். கர்ப்பம் என்று தெரிவதற்குள் அந்த வாரங்கள் பாதி கடந்துவிடும் என்பதால், குழந்தை வேண்டும் என்று நினைக்கும் *முன்பே* மருத்துவரைப் பார்க்க வேண்டும்: மருந்தை மாற்றவோ, முன்கூட்டியே ஆபரேஷன் செய்துகொள்ளவோ அப்போதுதான் நேரம் இருக்கும். ரேடியோ அயோடின் எடுத்திருந்தால் குறைந்தது ஆறு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லாமல் மகளிடமே நேராகச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போது முதல் ரிப்போர்ட், ஆன்டிபாடி அளவுகள், மாத்திரை மாற்றிய தேதிகள், காய்ச்சலின்போது எடுத்த வெள்ளையணு எண்ணிக்கை எல்லாம் ஒரே கோப்பில் அவள் கையிலேயே இருக்கட்டும்.